மண்ணுக்கு வைத்தியம் பார்க்கும் செடிகள்



பாலாற்றுப் பக்கம் எங்களுக்கு ஐம்பது சென்ட் கழனி இருக்கிறது. தோல் பதனிடும் இடங்களிலிருந்து கழிவுநீர் வந்த கால்வாய் அதை ஒட்டித்தான் போகிறது. தாத்தா காலத்தில் அங்கே நெல் விளைந்ததாம். இப்போது மண்மேல் வெள்ளையாக உப்பு பூத்துக் கிடக்கிறது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதி தோல் தொழிற்சாலைகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழாகிவிட்டது என்று அதில் இருக்கிறது.

தோலைப் பதப்படுத்தக் குரோமிய உப்பு போடுவார்கள். குரோமியம் ஓர் உலோகம். குப்பை மக்கிவிடும், சிந்திய எண்ணெய்கூட நாளாக ஆகச் சிதைந்துவிடும். ஆனால் உலோகம் தனிமம் ஆச்சே! எரித்தாலும் அழியாது, புதைத்தாலும் அழியாது. இடம் மாறும், உருவம் மாறும், அவ்வளவுதான்.

இடம் மாற்றுவதில் சில செடிகள் கெட்டிக்காரச் செடிகள். அமெரிக்காவில் ஃபுளோரிடா என்ற இடத்தில், மரத்துக்கு மருந்து ஏற்றிய பழைய இடம் ஒன்றின் மண்ணில் ஆர்சனிக் விஷம் கலந்திருந்தது. அதிலும் ஒரு பெரணிச் செடி செழிப்பாக வளர்ந்தது. விஞ்ஞானிகள் அதை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார்கள். சோதனையில் ஆறே வாரத்தில், அதன் உலர்ந்த இலையில் கிலோவுக்கு 22 கிராமுக்கு மேல் ஆர்சனிக் சேர்ந்திருந்தது! பாஸ்பேட் உள்ளே போகும் வழியாகவே ஆர்சனிக்கும் வேருக்குள் போய்விடுகிறது. இந்தப் பெரணி நம் நாட்டிலும் பழைய சுவர் இடுக்குகளில் முளைக்கும்.

உருவம் மாற்றும் வேலை நுண்ணுயிரிகளுடையது. வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று, பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றியே குடியிருக்கும். இணைதிறன் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஆறு இணைதிறன் உள்ள குரோமியம் தண்ணீரில் கரைந்து கிணறு வரை போகும். அது புற்றுநோய் தரக்கூடியது. சில பாக்டீரியாக்கள் அதை மூன்று இணைதிறன் உள்ளதாக மாற்றும். அது மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், சுலபமாக ஓடாது, விஷமும் குறைவு. வெட்டிவேர் போன்ற செடிகள் குரோமியத்தைப் பெரும்பாலும் வேரிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இதைப் படித்ததும் வீட்டில் சொன்னேன். ஆயாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்போ கீரை வெதச்சா நெலமும் சுத்தமாவும், கொழம்புக்கும் ஆவும்" என்றார்கள். அத்தை, "ஆட்டுக்குப் புல்லு போடலாம்" என்றார்கள். எனக்குத் திக்கென்றது. "ஆயா, செடி விஷத்த அழிக்கல. எடுத்து வச்சிக்குது. அந்தக் கீரைய நாம தின்னா நம்ம வயித்துக்கு வரும், ஆடு தின்னா ஆட்டுக்கு வரும்" என்றேன். "நெலத்த சும்மா வச்சிக்கினு என்னா பண்றது?" என்று ஆயா கேட்டார்கள். அவர்கள் கேட்டதும் நியாயம்தான். நாங்கள் அந்தக் கழனியை நம்பித்தானே இருந்தோம்.

கடைசியில் அப்பா முடிவு சொன்னார். மண்ணைப் பரிசோதிக்கும் வரை சாப்பிடும் பயிர் எதுவும் வேண்டாம், வரப்போரம் வெட்டிவேர் மட்டும் நடலாம் என்று. நான் இன்னொன்றும் சொல்லிவிட்டேன்: அந்த வேரைப் பிடுங்கிக் குடிதண்ணீர்ப் பானையில் போடவே கூடாது!

இந்த வைத்தியத்துக்குப் பல வருஷம் ஆகும். விஷம் ஏறிய செடியை அறுத்தால் அதைப் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். கண்ட இடத்தில் போட்டால் விஷம் திரும்ப மண்ணுக்கே வரும். கழிவுநீர் வருவதும் நிற்க வேண்டும். ஓட்டைக் கூரையைச் சரிபண்ணாமல் கீழே பாத்திரம் வைத்து என்ன பயன்?

தோழிகளே, தோழர்களே! உங்கள் வீட்டுப் பக்கமும் இப்படி நிலம் இருந்தால், அங்கே முளைத்த கீரையைப் பறிக்கும் முன் வீட்டில் இதைச் சொல்லுங்கள். செடி மண்ணுக்காக விஷத்தைச் சுமக்கிறது. அதை நாம் நம் தட்டில் இறக்கி வைக்க வேண்டாம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி