முள் நகரவில்லை

ஓமலூர் என்று சொன்னால் வெளியூர்த் தோழர்கள் உடனே கோகுல்ராஜின் பெயரைச் சொல்வார்கள். வழக்கு, பஞ்சமி நிலம், ஸ்காலர்ஷிப் பாக்கி என்று எழுத வேண்டிய விஷயங்கள் இங்கே குவிந்து கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இந்த முறை எங்கள் உடம்பைப் பற்றி எழுதுகிறோம். "இதெல்லாம் ஒரு பிரச்சினையா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். பல மாதம் நாங்களே அப்படிக் கேட்டுக்கொண்டு, வெட்கப்பட்டு, வெளியே சொல்லாமல்தான் இருந்தோம்.

நாங்கள் என்றால் மூன்று பெண்கள். மூவரும் முப்பதுகளில் இருக்கிறோம். ஓமலூரைச் சுற்றியுள்ள காலனிகளில் மாலை வகுப்பு நடத்துகிறோம். சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதுகிறோம். செங்கல் சூளையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கணக்கைத் தீர்க்க அலைகிறோம். பாதி வாழ்க்கை அரசு அலுவலக பெஞ்சில் போய்விடும். காலையில் டீ, பதினொரு மணிக்கு பன், மூன்று மணிக்கு ஒரு தட்டு சோறு, ராத்திரி பத்து மணிக்கு மறுபடி சோறு. இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் இந்த நேரக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு முகாமில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எங்களில் ஒருத்திக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.2 வந்தது. 5.7-இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி, 6.5 என்றால் உள்ளே வந்தாயிற்று. அவளுடைய அம்மா சர்க்கரையில் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் போய், 54 வயதில் இறந்தவர். அந்த பஸ் பயணங்களில் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்தான். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அன்று முழுக்க அவள் பேசவில்லை. மறுநாள் மூவரும் சேர்ந்து எடை குறைப்பதென்று முடிவெடுத்தோம்.

போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு ஆரம்பித்தோம். காசு போட்டு எடை மெஷின் ஒன்று வாங்கி அலுவலகத்தில் வைத்தோம். டிஜிட்டல் மெஷினில் முள் கிடையாது. ஆனாலும் "முள் எங்க நிக்குது?" என்றுதான் கேட்டுக்கொள்வோம். அன்றைக்கு 88, 82, 77. சோற்றைப் பாதியாக்கினோம், டீயில் சர்க்கரையை நிறுத்தினோம், விடியற்காலை ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடந்தோம். ஆனி பிறப்பதற்குள் 81, 74, 71. பழைய ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தோம். அவ்வளவு சந்தோஷம்.

அதோடு நின்றுவிட்டது. ஆனி போய், ஆடி போய், கார்த்திகையும் வந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதே எண்தான். சோற்றை இன்னும் குறைத்தோம். ராத்திரிச் சாப்பாட்டையே விட்டோம். ஓட்ஸ், வெள்ளரிக்காய், கொள்ளு ரசம் என்று இணையத்தில் யார் எதைச் சொன்னாலும் செய்தோம். நடை ஒன்றேகால் மணி நேரமானது. தலைமுடி கொட்டியது. வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தோம். 200 கிராம் இறங்கும், அடுத்த வாரம் 300 கிராம் ஏறும்.

சேலத்தில் ஒரு டயட் ஆலோசகரிடம் பணம் கட்டிப் போனோம். நாங்கள் எழுதி வைத்திருந்த சாப்பாட்டு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் சாப்பிட்டா எடை குறையாம இருக்காது மேடம். ராத்திரியில திருட்டுத்தனமா சாப்பிடுறீங்க. உண்மையச் சொல்லுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்கள் வீடுகளில் அந்த வார்த்தைக்கு வேறு கனம் உண்டு. பண்ணையத்தில் களை வெட்டிவிட்டுத் திரும்பும்போது மடியை உதறிக் காட்டிவிட்டு வந்தவர்கள் எங்கள் ஆயாக்கள். இன்றைக்கும் வீட்டு வேலைக்குப் போகும் எங்கள் பெண்கள் மேல்தான் காணாமல் போன மோதிரத்தின் பழி முதலில் விழுகிறது. சமூகவியல் படித்தவர்களாயிற்றே, அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதைவிட மோசமானது அடுத்து நடந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் சந்தேகப்பட ஆரம்பித்தோம். ஒருத்தியின் பையில் கடலை மிட்டாய்க் காகிதம் இருந்ததற்காக மற்ற இருவரும் இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காகிதம் மாலை வகுப்புப் பையன் ஒருவன் கொடுத்தது.

நடப்பதிலும் ஒரு கதை உண்டு. ஏரிக்கரைக்கு ஊர்த்தெருவைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் அம்மாக்கள் அதே தெருவில் விறகுக்கட்டோடும் புல்லுக்கட்டோடும் விடியற்காலையில் நடந்திருக்கிறார்கள். அப்போது யாரும் ஒன்றும் சொன்னதில்லை. தலையில் சுமை இல்லாமல், காலில் ஷூவோடு, கையை வீசிக்கொண்டு நடந்ததுதான் உறுத்தியது. "காலனிக்காரிங்களுக்கும் வாக்கிங் கேக்குதாட்ட இருக்குது" என்று திண்ணையிலிருந்து ஒரு குரல். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி அதே வழியில்தான் போனோம். உடற்பயிற்சிக்குத் தேவையானது மனவுறுதி மட்டும்தான் என்று வீடியோ போடுகிறவர்கள் எந்தத் தெருவில் நடக்கிறார்களோ தெரியவில்லை.

நிறுத்த வேண்டிய இடம் வந்தது மார்கழியில். மாலை வகுப்பில் படித்து, இப்போது சேலத்தில் கல்லூரி முதலாமாண்டு போகிற பெண் ஒருத்தி பஸ் ஸ்டாண்டில் மயங்கி விழுந்தாள். ஒரு மாதமாக ராத்திரி சாப்பிடவில்லையாம். எடை 41 கிலோ. "நீங்கல்லாம் சாப்பிடறதில்லையேக்கா. அதான் நானும்..." என்றாள். அவளுடைய ஆயா எங்களை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டார்: "கஞ்சிக்கு வழியில்லாமப் பட்டினி கெடந்தோம் கண்ணு. நீங்க சோறு இருந்தும் பட்டினி கெடக்கறீங்களே, இதுக்கா உங்களப் படிக்க வெச்சுது?"

பதில் இல்லாமல் திரும்பினோம். அதன் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து படித்தோம்.

எடை குறைந்துவந்து ஓரிடத்தில் நின்றுபோவதை 'பிளாட்டோ' என்கிறார்கள். பீடபூமி. இது பெரும்பாலும் எல்லோருக்கும் வருகிறது. அமெரிக்க ஆய்வாளர் கெவின் ஹாலும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு கிலோ குறையும்போது உடல் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியோ ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 100 கலோரி வீதம் கூடுகிறது. எங்களில் 82-இலிருந்து 74-க்கு வந்தவளின் உடம்பு தினமும் 200 கலோரி போலச் சிக்கனம் பிடித்துக்கொண்டு, 800 கலோரி கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவள் அதை ஆறு மாதம் சமாளித்திருக்கிறாள். இவளைத்தான் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்று சந்தேகப்பட்டோம்.

இன்னொரு ஆய்வு பழையது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்பவர் நடத்தியது. போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்து அரைப்பட்டினி கிடந்தார்கள். ஆறு மாதம், நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி, வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடை. எடையில் கால்வாசி போனது. கூடவே ஓய்வில் உடல் செலவிடும் சக்தி 40 சதவீதம் போலச் சரிந்தது. எப்போதும் குளிர், எரிச்சல், சாப்பாட்டைப் பற்றியே பேச்சு. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்களாம். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. கார்த்திகை மாதத்தில் நாங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் பிரியாணி வீடியோதான்.

அந்த 1,570 என்ற எண்ணை வேறொரு இடத்திலும் கண்டோம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்துக்குத் தூதராக அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு ராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். அரிசியாக இருந்தால் 1,600 கலோரிக்குப் பக்கம். மினசோட்டாவில் விஞ்ஞானிகள் "அரைப்பட்டினி" என்று பெயர் வைத்த அளவு, இங்கே மண் சுமப்பவர்களுக்கு அரசு நிர்ணயித்த கூலி. மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து எழுதினார். பிறகுதான் கூலியை உயர்த்தினார்கள். அன்றைய சேலம் மாவட்டத்தில் 1871 கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 20 லட்சம் பேர் இருந்தார்கள். 1881இல் 16 லட்சம். செத்தவர்களில் நிலமில்லாத கூலிகள் எவ்வளவு பேர் இருந்திருப்பார்கள் என்பதை இந்த வலைப்பூவின் வாசகர்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பஞ்சத்திலிருந்து எங்கள் எடை மெஷின் வரைக்கும் நேர்கோடு போட்டுவிட முடியாது. அப்படிப் போட்டால் அது சமூகவியலும் இல்லை, மருத்துவமும் இல்லை. ஆனால் தாயின் வயிற்றில் பட்ட பட்டினி பிள்ளையின் நடுவயதில் சர்க்கரையாக வரக்கூடும் என்பதை 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவில் இருந்த நெதர்லாந்துக்காரர்களை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். புனே மருத்துவர் யாஜ்னிக் நம் ஊர்க் குழந்தைகளைப் பார்த்தார். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் சேர்ந்து எடுத்த படம் ஒன்று மருத்துவ உலகில் பிரபலம். இருவருக்கும் பிஎம்ஐ ஒரேபோல 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷினில் இந்த வித்தியாசம் தெரியாது.

எங்கள் நெஞ்சைக் கொஞ்சம் லேசாக்கியது சென்னையிலிருந்து வந்த ஆய்வு. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரையின் வாசல்படியில் நின்ற 531 பேரை மூன்று வருடம் கவனித்து 2006இல் வெளியிட்டது. வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. நடை, உணவு மாற்றம் என்று தொடர்ந்து வழிநடத்தப்பட்டவர்களில் 39 சதவீதம். இதில் கவனிக்க வேண்டியது, இரண்டாவது குழுவினருக்கு எடை குறையவே இல்லை. முள் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது, நோய் மட்டும் பலருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. முப்பது நாற்பது திங்கட்கிழமைகளை அந்த மெஷின் மேல் நின்று வீணடித்தோமே என்றிருந்தது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டயட் என்று ஆரம்பித்ததும் நாங்கள் முதலில் நிறுத்தியது மாட்டுக்கறியை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 'ஆரோக்கிய உணவு' என்று வாங்கிய பட்டியல் எதிலும் அது இல்லை, அவ்வளவுதான். உப்புக்கண்டம், போட்டி, ஈரல், ரத்தப் பொரியல் எல்லாம் போய், அரைக்கிலோ ஓட்ஸ் பாக்கெட் வந்தது. தசை கரையாமல் இருக்கப் புரதம் வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற அதே ஆட்கள் புரத மாவு டப்பாவை ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். எங்கள் ஆயாக்கள் கயிற்றுக் கொடியில் காயப்போட்டிருந்தது என்ன? பள்ளிக்கூடத்தில் நாற்றம் என்று சொல்லிச் சொல்லியே எங்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். ரேஷன் அரிசி எங்கள் பட்டினியைத் தீர்த்தது, அதில் சந்தேகமே இல்லை. அதே நேரம் களியும் கம்பஞ்சோறும் தட்டை விட்டுப் போய், குழம்பு தண்ணியாகி, மூன்று வேளையும் வெள்ளைச் சோறே தட்டை நிறைத்தது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 40 பேர் அதிக எடையில் இருக்கிறார்கள். இரத்தசோகை 100க்கு 53 பேருக்கு. பல வீடுகளில் இரண்டும் ஒரே பெண்ணுக்குத்தான்.

இப்போது என்ன செய்கிறோம் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. ராத்திரிச் சாப்பாடு திரும்பி வந்தது, எட்டு மணிக்குள். ஒருவேளை களி அல்லது கம்பு, ஒருவேளை சோறு. முட்டை, பயறு, ஞாயிற்றுக்கிழமை கறி. நடையோடு வாரம் மூன்று நாள் தண்ணீர்க் குடத்தை வைத்துத் தூக்கி இறக்கும் பயிற்சி. எடையை மாதம் ஒரு முறை பார்ப்பது, இடுப்பை நாடாவில் அளப்பது. தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை என்கிறார்கள். நாங்கள் மூவரும் அதற்கு வெகுதூரம். 74 கிலோக்காரி இன்றும் 74தான். இடுப்பு 96-இலிருந்து 91 ஆகியிருக்கிறது, சர்க்கரை 5.8. இன்னொருத்திக்கு இரண்டு கிலோ ஏறிவிட்டது. சர்க்கரையில் மாற்றமில்லை, தூக்கம் மட்டும் வருகிறது என்கிறாள். மூன்றாமவள் இனி மெஷின் பக்கமே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வற்புறுத்தவில்லை.

மயங்கி விழுந்த பெண்ணை அழைத்து இதையெல்லாம் சொன்னோம். நாங்கள் செய்தது தப்பு என்றும் சொன்னோம். படித்த அக்காக்கள் தன்னிடம் தப்பு என்று ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது போல. இப்போது 44 கிலோ. போன ஞாயிறு அவளுடைய ஆயா உப்புக்கண்டக் குழம்பும் களியும் தூக்கில் கொண்டுவந்து, நாங்கள் நால்வரும் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

எடை மெஷின் மாலை வகுப்புக்குப் போய்விட்டது. பிள்ளைகளின் பழைய நோட்டுகளைக் கடைக்குப் போடும் முன் அதில் ஏற்றிப் பார்க்கிறார்கள். போன மாதம் மெஷினில் 13 கிலோ, கடைக்காரர் தராசில் 11. மீதி இரண்டு கிலோவுக்கான காசைக் கேட்டு வாங்க ஏழாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் போனார்கள். வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள்.