நெகட்டிவ் என்று எழுதும் முன்

மரக்காணத்தை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள் வரிசையாக இருக்கின்றன. குஞ்சு எடுக்க வரும் பண்ணைக்காரர்கள் தொட்டியைப் பார்த்து, நீச்சலைப் பார்த்து, விலையும் பேசி முடிப்பார்கள். ஆனால் ‘பிசிஆர் ரிப்போர்ட் வரட்டும்’ என்று பணத்தைக் கையிலேயே வைத்திருப்பார்கள். அந்த ஒற்றைத் தாள் எப்படித் தயாராகிறது என்று பார்க்கத்தான் அங்கிருந்த சிறிய பரிசோதனைக்கூடம் ஒன்றுக்குப் போயிருந்தேன்.

பண்ணைக்காரர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1994 இறுதியில் இந்தியாவுக்குள் வந்த வெள்ளைப்புள்ளி வைரஸ் கிழக்குக் கடற்கரைப் பண்ணைகளைச் சூறையாடியது. நோய் தலைகாட்டினால் 3 முதல் 10 நாட்களுக்குள் குட்டையே காலியாகிவிடும். மருந்து கிடையாது. வைரஸ் இல்லாத குஞ்சை இறக்குவதுதான் முதல் காவல்.

கூடத்தில் வேலை செய்தவர்கள் இரண்டு இளம்பெண்கள். இருவரும் விலங்கியல் பட்டதாரிகள். அவர்களுக்கு மேலே அனுபவமுள்ள அக்கா ஒருவர். ஆல்கஹாலில் ஊறிய குஞ்சுகளை ஒரு பெண் கண்ணாடித் தட்டில் எண்ணிக்கொண்டிருந்தார். 150 வேண்டும். ஐம்பது போதாதா என்று கேட்டேன்.

“தொட்டியில லட்சக்கணக்குல குஞ்சு இருக்கு சார். நூத்துக்கு ரெண்டுல நோய் இருந்தாலும், நாம எடுக்கிற 150-ல ஒண்ணாவது சிக்கிடும். 95 சதவீதம் நம்பலாம். ஐம்பது எடுத்தா அந்த நம்பிக்கை வராது” என்றார் அக்கா.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண் மெல்லிய பிளேடால் ஒவ்வொரு குஞ்சின் கண்ணையும் வெட்டி ஒதுக்கினார். இறாலின் கண்ணில் உள்ள பொருள்கள், வைரஸின் டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். வைரஸ் இருந்தும் இல்லை என்று முடிவு வர அதுவே போதும். ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள உயிரில் கடுகை விடச் சிறிய கண். 150 குஞ்சுக்கும் இதைச் செய்ய வேண்டும். அவர் ஒன்றைக்கூட விடவில்லை.

கண் நீக்கிய குஞ்சுகளைச் சிறு குழாயில் போட்டு, சிடிஏபி கரைசல் ஊற்றி, பிளாஸ்டிக் குச்சியால் அரைக்கிறார்கள். சிடிஏபி ஒருவகைச் சோப்புதான். செல்லின் கொழுப்புச் சவ்வை உடைத்து டிஎன்ஏவை வெளியே விடுகிறது. சூடேற்றி, குளோரோஃபார்ம் சேர்த்து, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் குழாய்க்குள் மூன்று அடுக்கு தெரிகிறது: அடியில் குளோரோஃபார்ம், நடுவில் வெள்ளைத் தகடாகப் புரதம், மேலே தெளிந்த நீர். டிஎன்ஏ அந்த மேல்நீரில் இருக்கிறது. பைப்பெட்டின் முனை நடுத்தகட்டைத் தொட்டுவிடக் கூடாது, தொட்டால் புரதமும் ஏறிவிடும். அந்தப் பெண் மேல்நீர் முழுவதையும் எடுக்கவில்லை. கடைசிக் கொஞ்சத்தைக் குழாயிலேயே விட்டுவிட்டார். அளவு குறைந்தாலும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இங்கே எழுதாத சட்டம். பிறகு ஆல்கஹால் சேர்த்துச் சுற்றினால் குழாயின் அடியில் மங்கலான ஒரு வெண்படலம் ஒட்டுகிறது. அதைக் கழுவி, உலர்த்தி, நீரில் கரைத்தால் பிரித்தெடுக்கும் வேலை முடிகிறது.

அந்த டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் வேலை இயந்திரத்தினுடையது. 94 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிகின்றன. 55 டிகிரியில் பிரைமர்கள் என்னும் குட்டி டிஎன்ஏ துண்டுகள் தமக்குரிய இடத்தில் ஒட்டுகின்றன. 72 டிகிரியில் நொதி புதிய இழையைக் கட்டுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இருமடங்கு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று 107 கோடியாகும். 1983-இல் கேரி முல்லிஸ் கண்ட வழி இது, 1993-இல் நோபல் பரிசு பெற்றது. தொடக்கத்தில் ஒவ்வொரு சூட்டுக்கும் நொதி செத்துப்போக, சுற்றுக்குச் சுற்று புதிதாக ஊற்றினார்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் கண்டெடுத்த பாக்டீரியாவின் நொதி கிடைத்த பிறகே இயந்திரம் தானாக ஓடியது.

இந்தப் பெருக்கத்திலேயே ஆபத்தும் உண்டு. வைரஸைத் தேட இங்கே இரண்டு கட்டமாகப் பெருக்குகிறார்கள். முதல் கட்டத்தில் 1447 எழுத்து நீளமுள்ள துண்டு, அதற்குள்ளிருந்து அடுத்த கட்டத்தில் 941. இடையில் குழாயைத் திறக்கும்போது கோடிக்கணக்கான நகல்கள் காற்றில் கலக்கலாம். ஒரு துளி வேறு குழாயில் விழுந்தாலும் நல்ல தொட்டிக்கு நோய்ப்பட்டம். அதனால் அரைக்க ஓர் அறை, கலவை போட ஓர் அறை, பெருக்கிய டிஎன்ஏவைப் பட்டையாகப் பார்க்க ஜெல் ஓட்ட ஓர் அறை. ஜெல் அறையில் போட்ட கோட்டும் கையுறையும் கலவை அறைக்குள் வரவே கூடாது.

ஜெல்லைப் புற ஊதா விளக்கில் வைத்தார்கள். வைரஸ் சேர்த்த பாசிட்டிவ் கண்ட்ரோலில் ஆரஞ்சு நிறப் பட்டை ஒளிர்ந்தது. வெறும் நீர் விட்ட நெகட்டிவ் கண்ட்ரோலில் ஒன்றுமில்லை. இரண்டும் சரி. மாதிரிகளிலும் வைரஸ் பட்டை இல்லை. முடிந்தது என்று நினைத்தேன். அக்கா அடுத்த ஜெல்லைப் பார்த்தார். அது இறாலின் சொந்த மரபணுவைத் தேடும் சோதனை. ஒரு மாதிரியில் அந்தப் பட்டையும் இல்லை. இறாலை அரைத்தும் இறாலின் டிஎன்ஏவே தெரியவில்லை என்றால் பிரித்தெடுத்தது தவறிவிட்டது என்று பொருள். அந்த மாதிரியில் வைரஸ் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

அந்த மாதிரி வந்த தொட்டிக்காக லாரியோடு காத்திருந்தவர் போனில் அவசரப்படுத்தினார். “திரும்பப் போடணும் அண்ணே. சாயங்காலம் ஆகும். அவசரத்துக்கு நெகட்டிவ் எழுத முடியாது” என்றார் அக்கா. கண் வெட்டும் வேலை மறுபடி தொடங்கியது.

இயந்திரம் எந்தக் கூடத்திலும் ஒரேமாதிரி ஓடும். முடிவின் நம்பகம் அதற்கு முன்னால் வேலை செய்யும் கைகளில்தான் இருக்கிறது. பண்ணைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ரிப்போர்ட்டில் நெகட்டிவ் என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டுக் குஞ்சை ஏற்றாதீர்கள். எத்தனை குஞ்சு எடுத்தார்கள், இரண்டு கட்டமும் செய்தார்களா, இறாலின் மரபணுப் பட்டை வந்ததா என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் சொல்லும் கூடம் ஒரு நாள் கூடுதலாகக் கேட்டால் கொடுங்கள். உங்கள் குட்டையைக் காக்கும் நாள் அது.