பாதிச் சூரியன்

பவாய் ஏரிப் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்புப் பள்ளிக்குள் நானும் அக்கா மகளும் பாதி நனைந்தபடிதான் நுழைந்தோம். 1969-இல் ‘இண்டஸ்ட்ரியல் டிசைன் சென்டர்’ என்ற தொழில் வடிவமைப்பு மையமாகத் தொடங்கிய இடம் இது. இன்றும் எல்லோர் வாயிலும் ஐ.டி.சி.தான். பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள் அவள். “இங்க சேர நல்லா வரையத் தெரிஞ்சா போதுமா மாமா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கூடத்தில் இறுதியாண்டு மாணவர்களின் வேலைகளைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கோலாப்பூர்க்காரப் பெண் ஒருத்தியின் பலகை முன்னால் நின்றுவிட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கான மாத்திரை உறை. காலைக்குப் பாதிச் சூரியன், மதியத்துக்கு முழுச் சூரியன், இரவுக்குப் பிறை. வரைந்ததை எடுத்துக்கொண்டு தாராவிக்குப் போயிருக்கிறாள். அங்கே ஒரு தமிழ்ப் பாட்டி பாதிச் சூரியனைப் பார்த்ததும், “இது ஓட்டுச் சின்னமாச்சே!” என்றாராம். பேரன்தான் அதை இவளுக்கு இந்தியில் சொல்லிப் புரியவைத்தான். இன்னொருவருக்கு அதே படம் அந்திச் சூரியன். காலை மாத்திரையை அவர் மாலையில் விழுங்கியிருப்பார். கடைசியில் சூரியனையே விட்டுவிட்டு, டீ கிளாஸ், சோற்றுத் தட்டு, பாய் என்று மாற்றியிருந்தாள். ஒதுக்கிய படங்களையும் மறைக்காமல் வரிசையாக ஒட்டியிருந்தாள். என்னைக் கேட்டால், வடிவமைப்புப் படிப்பின் சாரம் அந்த வரிசையில்தான் இருந்தது.

அடுத்த மேசையில் தமிழ் எழுத்துகள். எட்ட இருந்து பார்த்தால் ‘ஞ’வின் சுழிகள் எப்போது அடைத்துக்கொள்கின்றன, பேருந்துப் பலகையில் ஆங்கிலத்தைவிட நீளும் தமிழ்ப் பெயரை எப்படிச் சுருக்காமல் அடக்குவது என்று சோதனை நடந்துகொண்டிருந்தது. 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்த உதயகுமார், தமிழ் எழுத்துருவியலில் முனைவர் ஆய்வு செய்தது இங்கேதான். இதே மும்பையில் இயங்கும் ‘ஏக் டைப்’ குழுவின் ‘முக்தா மலர்’, ‘பலூ தம்பி’ எழுத்துருக்களைத் தமிழர்கள் பெயர் தெரியாமலே படித்துக்கொண்டிருக்கிறோம்.

வேலை? பத்திரிகை வரைபடம், பொருள்களின் அட்டைப்பெட்டி, அருங்காட்சியகம், அனிமேஷன் என்று பல உண்டு. இப்போது நிறையப் பேர் போவது செயலி வடிவமைப்புக்கு. வங்கிச் செயலியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் சொன்னார்: பணம் அனுப்புவது பாதியில் நின்றுபோனால் திரையில் வரும் ஒற்றை வரிக்காக மாதக்கணக்கில் உழைத்தாராம். பணம் போய்விட்டதா, கணக்கிலேயே இருக்கிறதா? பதறி நிற்பவருக்கு அந்த வரி அதைச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் காட்சித் தொடர்பியல், அதாவது விஸ்காம், என்றாலே சினிமாவுக்கான வாசல் என்று நினைக்கிறோம். இந்த வேலைகளெல்லாம் நம் பிள்ளைகள் கண்ணில் படாமலே போவது எனக்கு வருத்தம்.

நான்காண்டு பி.டிசைனுக்கு ‘யூசீட்’, முதுகலைக்கு ‘சீட்’ தேர்வு. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரும் யூசீட் எழுதலாம். வரைவதோடு, உற்றுப் பார்ப்பதையும் யோசிப்பதையும் அதில் சோதிக்கிறார்கள்.

திரும்பும்போது லோக்கல் ரயிலில் என் பிரஷர் மாத்திரை அட்டையை வாங்கிப் புரட்டினாள். நான் பிய்த்தெடுத்த மாத்திரையோடு காலாவதித் தேதியும் போயிருந்தது.

“இத எங்க அச்சடிக்கணும்னு யார் மாமா முடிவு பண்ணது?” என்றாள்.