அம்மாவின் பையும் என் பையும்

கோலாலம்பூரிலிருந்து காசிக்குப் போகும் வழியில் டெல்லி மூன்றாம் முனையத்தில் இறங்கினோம். குடிநுழைவு முகப்புகளுக்கு மேலே, செப்பு வட்டங்கள் பதித்த சுவரிலிருந்து முத்திரை பிடித்த பெரிய பெரிய கைகள் நீண்டிருந்தன. அம்மா அண்ணாந்து பார்த்தபடியே நகர்ந்தார். என் கண் கடிகாரத்தில் இருந்தது.

கடப்பிதழில் முத்திரை வாங்கி, பெட்டிகளை எடுத்து, சுங்கம் கடந்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி ஒப்படைத்தோம். மூன்று மணி நேரம் தாராளம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை.

பாதுகாப்புச் சோதனையில் ஆண்களும் பெண்களும் தனித்தனியாகப் போக வேண்டும். பெண்களைத் திரை மறைவில் பெண் அதிகாரி சோதிப்பார். இதை அம்மாவிடம் முன்பே சொல்லாதது என் தவறு. இன்னொரு தவறும் உண்டு. அப்பாவின் அஸ்தி அம்மாவின் பையில். அதற்கான சான்றிதழ்களோ என் பையில்.

பவர் பேங்க்கை வெளியே எடுக்காததால் என் பை மீண்டும் ஸ்கேனருக்குப் போனது. அதற்குள் அம்மாவின் பையையும் ஒதுக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு இந்தி தெரியாது. துணி சுற்றிய மரப்பெட்டியின் மேல் கையை வைத்து, "ஹஸ்பண்ட்" என்றார். அவ்வளவுதான்.

நான் ஓடிப்போய் இறப்புச் சான்றிதழையும் தகனச் சான்றிதழையும் நீட்டினேன். அதிகாரி படித்துவிட்டு, பெட்டியை இரு கைகளாலும் எடுத்துப் பைக்குள் வைத்தார். செம்புக்குள் வைத்திருந்தால் ஸ்கேனரில் உள்ளே இருப்பது தெரியாது, திறக்கச் சொல்லியிருப்பார்கள்.

விமானத்தில் ஏறியதும் அம்மா கையை நீட்டினார். சான்றிதழ்களைக் கொடுத்தேன். மடித்து, தன் பையில் வைத்துக்கொண்டார்.