முருங்கைக்கீரையும் மைனஸ் 196 டிகிரியும்

பி.காம். படிக்கிறவனுக்கு மாட்டு விந்துல என்ன வேலைன்னு கேப்பீங்க. எங்க வீட்டு வரவு செலவே அதுலதாங்க இருக்கு. மாடு கத்த ஆரம்பிச்சா அம்மா சினை ஊசிக்கு ஆள் சொல்லி அனுப்புவாங்க. பிடிக்கலைன்னா இன்னும் 21 நாள். தீவனச் செலவு நிக்காது, அடுத்த ஈத்துப் பால் மட்டும் தள்ளிப் போகும். போன வருஷம் எங்க ஜெர்சி கலப்பு மாடு மூணு ஊசிக்கும் நிக்கலை. வீட்ல வித்துடலாமான்னு பேச்சு வந்துடுச்சு. "ஊசி சரியில்லை"ன்னு ஊர்ல எல்லாரும் சொன்னாங்க. அந்த ஊசிக்குள்ள அப்படி என்னதான் இருக்குன்னு படிக்க ஆரம்பிச்சேன்.

உறைவிந்துக் குச்சின்னு சொல்றது 0.25 மில்லி பிடிக்கிற மெல்லிசு பிளாஸ்டிக் குழாய். உள்ளே 2 கோடி உயிரணு. திரவ நைட்ரஜன்ல மைனஸ் 196 டிகிரியில கிடக்கும். சும்மா அப்படியே உறைய வெச்சா பனித்துகள் குத்தியே செத்துடும். 1949-ல லண்டன் மில் ஹில் ஆய்வகத்துல போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ்னு மூணு பேர் கிளிசரால் சேர்த்தா பிழைக்கும்னு கண்டுபிடிச்சாங்க. அதுவும் எப்படி? சர்க்கரைக் கரைசல்னு நெனச்சு எடுத்த பாட்டில்ல இருந்தது வேற. லேபிள் மாறிப்போச்சு! (நம்ம காலேஜ் லேப்ல லேபிள் மாறினா திட்டுதான் விழும்.)

கிளிசராலும் முட்டை மஞ்சள் கருவும் சேர்த்தும் உறைஞ்சு உருகுறதுக்குள்ள கிட்டத்தட்ட பாதி போயிடுது. குளிர் ஒரு காரணம், இன்னொண்ணு ஆக்சிஜன். உயிரணுவோட மேல்தோல்ல சீக்கிரம் கெட்டுப் போற வகைக் கொழுப்பு நிறைய. பழைய எண்ணெய் சிக்கு வாடை அடிக்குமே, அதே வேதியியல்தான். மத்த செல்லுக்கெல்லாம் உள்ளே தற்காப்புச் சரக்கு இருக்கும். இதுக்குத் தலையும் வாலும்தான், சரக்கு வைக்க இடமில்லை. போதாக்குறைக்குச் செத்த உயிரணு ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு உயிரோட இருக்குறதையும் சாகடிக்கும். எருமை விந்து இன்னும் மோசம், உறைய வெச்சா மாட்டோடதைவிட அதிகமாக் கெடும்.

இங்கதான் செடிகள் வருது. கிரீன் டீ, ரோஸ்மேரி, மஞ்சள்ல இருக்குற குர்குமின், திராட்சைத் தோல்ல இருக்குற ரெஸ்வெரட்ரால், முருங்கை இலைச் சாறு... இதையெல்லாம் கரைசல்ல துளி சேர்த்துப் பாக்குறாங்க. பல சோதனைகள்ல உருகின பிறகு நீந்துற உயிரணு எண்ணிக்கை கூடியிருக்கு. ஆனா அளவு தாண்டினா அதுவே விஷம். காரணம் சுவாரஸ்யமானது: கருமுட்டைக்குள்ள நுழையத் தயாராக உயிரணுவுக்கே கொஞ்சம் அந்த ஆக்சிஜன் சமாச்சாரம் வேணும். சுத்தமாத் துடைச்சுட்டா வேலை நடக்காது.

எனக்கு இடிக்கிறது வேற இடம். நிறைய ஆய்வுகள் மைக்ராஸ்கோப்போடயே நின்னுடுது. நீந்துச்சா, சரி. கன்னு விழுந்துச்சா? அதுக்கு நூத்துக்கணக்குல மாடு வேணும், ஒன்பது மாசம் காத்திருக்கணும், காசு யார் தர்றது? அப்புறம், முருங்கை இலைச் சாறு மண்ணுக்கு மண் மாறும், மழைக்கும் வெயிலுக்கும் மாறும். லட்சக்கணக்குல குச்சி தயாரிக்கிற நிலையத்துல 'சுமாரா ஒரு கைப்பிடி'ன்னு போட முடியாது. பிரிச்செடுத்த ஒரே ஒரு பொருளா வந்தாதான் ஆகும்னு தோணுது. பழியெல்லாம் குச்சி மேல போடறதும் நியாயமில்லை. ஊசி போடற நேரம் தப்பினாலோ மாட்டுக்குச் சத்து குறைஞ்சாலோ எந்த இலைச்சாறும் காப்பாத்தாது.

அப்புறம் ஏன் இவ்வளவு ஆர்வம்னா, கணக்கு போட்டுப் பாருங்க. காளைகிட்ட ஒரு தடவை எடுக்கிறது சுமார் 5 மில்லி, மில்லிக்குச் சுமார் 100 கோடி. மொத்தம் 500 கோடி. குச்சிக்கு 2 கோடின்னா 250 குச்சி. சாவு குறைஞ்சு 1 கோடி போதும்னு ஆனா அதே காளையில 500 குச்சி. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கத்து உம்பளச்சேரி மாதிரி நல்ல காளை கிடைக்கிறதே கஷ்டமான இனங்களுக்கு இந்த 250 பெரிய வித்தியாசம்.