லூப் விழுங்கிய பேர்



பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் "கொம்பியூட்டர் தெரிஞ்சவ" என்று எடுத்த பெயர் இன்னும் என்னை விடவில்லை. சாதாரண தர விண்ணப்ப வேலை வந்தால் நேராக என் மேசைக்குத்தான் வரும்.

இந்த முறை பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் படங்கள் 94. எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தவை, பெயருக்குப் பதில் நீள நீளமாக இலக்கங்கள். ஒவ்வொன்றாகத் திறந்து, பிள்ளையின் பெயரைப் போட்டு, அளவைக் குறைத்துச் சேமிக்க வேண்டும். ஒன்றுக்கு 2 நிமிடம் என்றாலும் மூன்று மணித்தியாலத்துக்கு மேல். என் பழைய லெப்டொப்பில் உபுண்டு இருக்கிறது. லூப் ஒன்று எழுதினேன்.

கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவர்களுக்கு லூப்பை விளக்கத் தேவையில்லை. வரிசையில் ஒரு ஆள் வருகிறார், சாக்கு தராசில் ஏறுகிறது, கழிவு போக மீதிக் கிலோ எழுதப்படுகிறது, அடுத்த ஆள். (கழிவைக் கூட்டிப் போட்டால் வரிசையில் நிற்கும் எல்லாருக்கும் கூடத்தான் விழும், அது வேறு கதை.) ஷெல்லிலும் அதுதான். 'ஃபோர்' என்றால் வரிசையில் உள்ளதை ஒவ்வொன்றாக எடு. 'டூ' என்றால் இதைச் செய். 'டன்' வந்தால் அடுத்ததற்குப் போ, வரிசை முடிந்தால் நில். எந்தப் படம் யாருடையது என்று ஒரு பட்டியலை மட்டும் நான் தட்டிக் கொடுத்தேன். இஷா தொழுதுவிட்டு வந்து என்டரை அழுத்தினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. சந்தோசத்தில் போனில் இருந்த படங்களையும் அழித்துவிட்டேன், போனில் இடமே இல்லை.

படுக்கப் போகுமுன் எண்ணிப் பார்த்தால் 93.

ஒரே வகுப்பில் ஒரே முதலெழுத்து, ஒரே பெயருடன் இரண்டு பிள்ளைகள். பெயர் மாற்றும் 'எம்வி' கட்டளை, அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருந்தால் பெரும்பாலும் கேட்காது. பழையதன் மேலேயே புதியதை எழுதிவிடும். கையால் செய்திருந்தால் இரண்டாவது பிள்ளையின் பெயரைத் தட்டும்போதே எனக்குப் பொறி தட்டியிருக்கும். லூப்புக்கு அது தெரியாது.

அந்தப் படம் பக்கத்து லயத்துக்காரரின் போனில் எடுத்து அனுப்பியது. அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். மறுநாள் விண்ணப்பம் போக வேண்டும். காலையில் பிள்ளையின் அம்மா மேல் டிவிசனிலிருந்து மழைக்குள் இறங்கி வந்தார், சான்றிதழை ஷொப்பிங் பேக்கில் சுற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. என் பிழைதான் அக்கா, மன்னிச்சுக்கங்க என்றேன். "அதனால என்னா டீச்சர், இன்னைக்கி அரைப்பேர்தான் விழும். புள்ள பேரு சரியா போனா போதும்" என்றார். அரைநாள் சம்பளத்தைத்தான் அரைப்பேர் என்கிறார்கள். எனக்கு அதற்குமேல் பேச வரவில்லை.

பிறகு வாசித்தபோது ஒன்று தெரிந்தது. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லை எழுதியவர் ஸ்டீபன் போர்ன். அல்கோல் 68 மொழியைப் பின்பற்றி, 'இஃப்' என்று தொடங்குவதை அதையே திருப்பிப்போட்டு 'எஃப்ஐ' என்று முடித்தார். அப்படியானால் 'டூ'வை 'ஓடி' என்று முடித்திருக்க வேண்டும். ஆனால் யுனிக்ஸில் 'ஓடி' என்ற பெயரில் வேறொரு கட்டளை ஏற்கெனவே இருந்தது. அதனால்தான் 'டன்' வந்ததாம். அங்கேயும் ஒரே பேர்ப் பிரச்சினை! அவர் முன்கூட்டியே கவனித்தார், நான் கவனிக்கவில்லை.

இப்போது கோப்புக்குப் பிள்ளையின் பெயரோடு சேர்விலக்கத்தையும் போடுகிறேன். அது இருவருக்கு ஒன்றாக வராது. 'எம்வி'க்குப் பதில் 'சிபி', அதாவது மூலப்படம் அப்படியே இருக்க, பிரதிக்குத்தான் புதுப்பெயர். முதல் ஓட்டத்தில் கட்டளைக்கு முன்னால் 'எக்கோ' போட்டால் எதையும் செய்யாமல், செய்யப்போவதைத் திரையில் எழுதிக் காட்டும். 94 வரிகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டுத்தான் 'எக்கோ'வை எடுக்கிறேன்.

ஹட்டன் பக்கத்தில் இதே வேலையோடு மல்லுக்கட்டும் ஆசிரியர்கள் யாரும் இருந்தால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், ஸ்கிரிப்டைத் தருகிறேன். உங்கள் படங்களை மட்டும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள்.