கீரிமலைக் கடலில் ஒரு காலைப்பொழுது

யூபிலி மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபொழுது, பழைய மாணவர் பலரையும்போலக் கல்லூரி நாள்களின் இனிய நினைவுகளையே எழுத எண்ணினேன். ஆனால் துடுப்பாட்ட வெற்றிகளைப் பற்றியும், சரசுவதி பூசையைப் பற்றியும், விடுதிச் சாப்பாட்டைப் பற்றியும் என்னிலும் நன்றாக எழுத வல்லோர் பலர் உளர். அன்றியும், தொழிலாற் கணக்காளனாகிய எனக்குக் கையிருப்பை மட்டும் காட்டிக் கடனை மறைக்கும் ஏடு ஒவ்வாது. எனக்கு ஒரு கடன் இருந்தது. 1967 ஆம் ஆண்டில் வகுப்பறையொன்றிலே பட்ட கடன் அது. 2024 ஆம் ஆண்டில், கீரிமலைக் கடலில் ஒரு படகின்மீது, அதனை நான் வாய்திறந்து ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதனையே ஈண்டு எழுதுகின்றேன்.

அவ்வாண்டு ஆடி அமாவாசை ஓகஸ்ற் 4 ஆந் தேதி வந்தது. தந்தையாருக்குத் தீர்த்தக்கரையிற் செய்யவேண்டியவற்றைச் செய்யும்பொருட்டு, நெடுங்காலத்தின்பின் இலண்டனிலிருந்து வந்திருந்தேன். கீரிமலைக் கேணியின் அதிசயத்தை யாழ்ப்பாணத்தார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. சுவருக்கு அப்பால் உவர்க்கடல், இப்பால் நன்னீர். வலிகாமத்துச் சுண்ணக்கற் பாறை மழைநீரை உறிஞ்சித் தன் வெடிப்புகளினூடே நிலத்தடியில் நடத்திக் கடலோரத்தில் வெளிவிடுகின்றது என்பது நில நூலார் கூறும் விளக்கம். கீரிமுகம் நீங்கப்பெற்ற நகுல முனிவரின் கதை புராணிகர் கூறும் விளக்கம். இரண்டையும் கேட்டு வளர்ந்தவன் நான். எனினும் அந்தக் கடலைக் கரையில் நின்று கும்பிட்டதும், கேணியில் நீந்தியதும் அல்லாமல், அதன்மேல் ஒருநாளேனும் சென்றதில்லை. எங்கள் வீட்டுக்கு மீன் கடகத்தில் வந்தது. அது எங்கிருந்து, எப்படி வந்தது என்று எவரும் கேட்டதில்லை.

வெளிநாட்டிலிருந்து வருவோரை அரைநாட் பொழுதுக்குக் கடலிற் கொண்டுசென்று தூண்டில் போடுவிக்கும் ஒருவர் இருக்கிறாரென உறவினர் ஒருவர் சொன்னார். தொலைபேசியில் அவருடைய மகனோடு பேசிக் கூலியை ஒழுங்குசெய்து, அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்குக் கரைக்குச் சென்றேன். 18 அடி நீளமான கண்ணாடிநார்ப் படகு ஒன்று மணலில் இருந்தது. மகன் இயந்திரத்தைப் பொருத்திக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய தந்தையார் படகின் அணியத்திற் கைவைத்தபடி கடலைப் பார்த்து நின்றார். நான் வணக்கம் சொன்னதும் திரும்பி, என் முகத்தை நெடுநேரம் நோக்கினார்.

"நீர் முன்வாங்கிலை இருந்தனீர். நான் கடைசி வாங்கு" என்றார்.

குரலைக் கொண்டு நானும் அறிந்துகொண்டேன். அப்பொழுதே என் நெஞ்சிலொரு முள் அசைந்தது.

அவர் எங்கள் வகுப்பிற் படித்தவர். காலைப் புகைவண்டியிற் காங்கேசன்துறையிலிருந்து வருவார். பல நாள்களில் முந்திய இரவு தந்தையாரோடு வலை விடச் சென்றிருப்பார். ஆதலாற் கேத்திரகணித பாடத்திலே தலை சாய்ந்துவிடும். 1967 ஆம் ஆண்டில் ஒருநாள், பூமிசாத்திர ஆசிரியர், யாழ்ப்பாணத்தில் வீசும் காற்றுகள் எவை என்று வினவினார். தென்மேற் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று என்னும் விடை எனக்கு மனப்பாடம். நான் கையுயர்த்துமுன் அவர் எழுந்து நின்றார். அவர் எழுந்து விடை சொல்ல முயன்றதை அதற்குமுன் நாங்கள் கண்டதில்லை. "சோளகம், வாடை, கச்சான், கொண்டல்" என்றார். எந்தக் காற்றுக்கு எந்த மீன் கரையை அண்டும் என்றும் சொல்லத் தொடங்கினார். "இது வகுப்பு, வாடி அல்ல" என்றேன் நான். வாடைக்கு வாடியை எதுகையாக வைத்த என் சாமர்த்தியத்தை மெச்சி வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் எங்களைக் கடிந்து அடக்கினார். ஆனால் அவர் அதற்குள் உட்கார்ந்துவிட்டார். அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் எவரையும் கேட்கவில்லை. கேட்க அஞ்சினேன் என்பதே உண்மை.

படகு புறப்பட்டது. உயிர்காப்பு அங்கியை எனக்கு அவரே கட்டிவிட்டார். கடல் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. ஆடி மாதமாயிற்றே, சோளகம் இல்லையோ என்றேன். "இருக்குது. நீர் பொறுத்துப் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

சிறிது தூரம் சென்றபின் அவர் கையைக் காட்ட, மகன் வேகத்தைக் குறைத்தார். தந்தையார் தென்புறம் பார்த்தார். பின் கிழக்கே பார்த்தார். தெற்கே நகுலேஸ்வரத்தின் கோபுர உச்சி ஒரு பனங்கூட்டத்துக்கு நேராக வரவேண்டும். போரிற் சிதைந்து, மீளக் கட்டப்பெற்று, 2012 இற் குடமுழுக்குக் கண்ட கோயில் அது. கிழக்கே காங்கேசன்துறை வெளிச்சவீடு கரைமுனையொன்றோடு ஒட்டிநிற்க வேண்டும். இரண்டும் ஒருங்கே அமைந்த கணத்தில் "போடு" என்றார். நங்கூரக் கல் இறங்கியது. கீழே பார் இருந்தது. சுற்றிலும் வேறுபாடு காட்டாத நீர்ப்பரப்பில், சில பாக அகலமேயுள்ள ஒரு கற்பாரை அவர் கண்ணால் மட்டுமே கண்டுபிடித்தார். இரண்டு நேர்கோடுகள் ஒன்றையொன்று ஒரு புள்ளியிலேயே வெட்டும் என்பதை முன்வாங்கிலிருந்து நான் எழுதிப் புள்ளி பெற்றேன். கடைசி வாங்கிலே தூங்கியவர் அதனை வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தி உணவு பெற்றிருக்கிறார்.

ஆழம் நான்கு பாகம். பாக்கு நீரிணை ஆழங்குறைந்த கடல். கடந்த பனிக்கட்டிக் காலத்திற் கடல் மட்டம் மிகத் தாழ்ந்திருந்தபொழுது, இலங்கையும் இந்தியாவும் தரையால் இணைந்திருந்தன. நாங்கள் தூண்டில் இறக்கிய இடம் ஒருகால் நடந்து செல்லும் நிலமாக இருந்தது. வெயில் ஏறியபொழுது கற்களின் நிழல் நீருக்குள் தெரிந்தது.

தங்கூசியில் ஈயமும் தூண்டிலும் கட்டி, கணவாய்த் துண்டை இரையாகக் குத்தித் தந்தார். கோலும் சக்கரமும் இல்லை; சுட்டுவிரலே கோல். "கண்ணாலை பாராதையும், விரலாலை கேளும்" என்றார். விளைமீன் தட்டித் தட்டிப் பார்க்கும், நண்டு சுரண்டும், கலவாய் கௌவியதும் கற்பொந்துக்குள் ஓடும், ஆகையால் அதற்கு இடங்கொடாமல் உடனே இழுக்க வேண்டும். இருமுறை இரையைப் பறிகொடுத்தேன். மூன்றாம் முறை, சாண் நீளமான விளைமீன் ஒன்று வந்தது. பள்ளிப் பிள்ளைபோல் மகிழ்ந்தேன். அடுத்து வந்தது ஒரு சின்னக் கலவாய். அதனைத் தூண்டிலினின்றும் நோகாமற் கழற்றி நீரில் விட்டார். கலவாய்களிற் பல பெண்ணாகவே வளர்ந்து, பெருத்தபின் ஆணாக மாறுவன என்று நான் எங்கோ படித்ததைச் சொன்னேன். "அப்பிடியோ? பெரிசையெல்லாம் பிடிச்சா ஆண் இருக்காது, சின்னனையெல்லாம் பிடிச்சா ஒண்டுமே இருக்காது" என்றார். என் படிப்பினின்றும் அவர் அரை நிமிடத்தில் முடிவெடுத்தார். கிளிமீன் கல்லைக் கடித்துத் தின்று மணலாகக் கழிக்கும் என்பதையும், கரையில் நாம் மிதிக்கும் வெண்மணலில் அதற்கும் பங்குண்டு என்பதையும் அவரே எனக்குச் சொன்னார்.

பின்னர், மிதப்பொன்றின் கீழே முதல்நாள் இறக்கிவைத்த மீன்கூட்டைத் தூக்கினார்கள். உள்ளே ஓரா மீன்கள் பளபளத்தன. கூழுக்கு இதனிலுஞ் சிறந்த மீன் உண்டோ என்று ஆவலோடு கைநீட்டினேன். அவர் என் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினார். ஓராவின் செட்டை முள்ளில் நஞ்சுண்டு. குத்தினாற் கடுமையாகக் கடுக்கும். பொறுக்கக்கூடிய சுடுநீரிற் கையை வைத்திருப்பதே பரிகாரம். "சட்டியிலை கண்ட மீனை உமக்குத் தெரியும், கடலிலை கண்டதில்லை" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பிற் குத்தல் இல்லை. 57 ஆண்டுகளுக்குமுன் நான் சிரித்த சிரிப்பு அத்தகையதன்று.

இடையிடையே தம் வாழ்க்கையைச் சொன்னார். 1983 இன் பின் கடலுக்குப் போவதற்குத் தடைகள் வந்தன. 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து எல்லாரோடும் எழுந்தோடினார். கடலைக் காணாத நலன்புரி நிலையத்தில், ஓலைக் குடிசையில், பிள்ளைகள் வளர்ந்தார்கள். வேலி அடைத்தார், தோட்டங்களிற் கூலிக்குக் கொத்தினார். திரும்பி வந்தபொழுது வீடு இல்லை, கிணறு இருந்தது. "பார் இருக்குமோ எண்டுதான் எனக்குப் பயம். கோபுரம் இல்லை, பனை இல்லை. எதை வைச்சுப் பிடிக்கிறது? சுத்திச் சுத்தித் தேடி, கல்லை இறக்கி இறக்கிக் கண்டுபிடிச்சன்." புதிய பனைகளையும் மீண்டெழுந்த கோபுரத்தையுங் கொண்டு புதிய அடையாளம் வகுத்தாராம்.

கடலில் இன்னொரு துன்பமும் உண்டு. 1974 ஆம், 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இரு நாடுகளுக்குமிடையே எல்லை வகுத்தன. ஆயினும் தமிழகக் கரையிலிருந்து இழுவைப் படகுகள் இரவில் எல்லை தாண்டி வருதல் நின்றபாடில்லை. கடலடியைச் சுரண்டும் இழுவைமடித் தொழிலை இலங்கைப் பாராளுமன்றம் 2017 இற் சட்டத்தால் தடைசெய்தது. "அவையும் எங்கட பாஷை பேசுற ஆக்கள், முதலாளிக்குக் கூலிக்கு வாறவை. அவையிலை கோவமில்லை. ஆனா வலை அறுந்தா எனக்கு மாசக் கணக்கிலை உழைப்புப் போச்சு" என்றார்.

அவ்வேளை நான் வாய்திறந்தேன். பூமிசாத்திர வகுப்பை நினைவிருக்கிறதோ என்று கேட்டேன். தங்கூசியைச் சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"நினைவிருக்கு."

நான் சொன்னது பிழை என்றேன். அதனால்தான் படிப்பை விட்டீரோ என்று இத்தனை காலமும் எனக்கு ஐயம் என்றேன். வெகு எளிய சொற்கள்; ஆயினும் வாழ்நாளில் இவ்வளவு அரிதாக நான் எதையும் சொன்னதில்லை.

"அதுக்காக நிக்கேல்லை. ஐயாவுக்கு ஏலாமல் போச்சு; நான் தொழிலுக்கு வரவேண்டி வந்தது. நீர் அதை யோசியாதையும்" என்றார். சற்றுநேரம் தண்ணீரைப் பார்த்திருந்துவிட்டு, "ஆனா அண்டைக்குப் பிறகு வகுப்பிலை நான் வாய் திறக்கேல்லை" என்றார்.

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார். கணக்காளனுக்கு அதனிலும் மேலான பேறு கிடையாது.

ஒன்பதரை மணியளவில் அவர் எழுந்து, கல்லைத் தூக்கச் சொன்னார். மீன் நன்றாகக் கடித்துக்கொண்டிருந்தது. கடலும் அமைதியாகவே தோன்றியது. இன்னும் அரைமணி நேரம் இருக்கலாமே என்றேன். மறுத்துவிட்டார். சோளகம் தென்மேற்கிலிருந்து, தரையைக் கடந்து வருவது. ஆதலால் வடகரையில், நிலத்தை அண்டிய நீர் அலையின்றிப் படுத்திருக்கும். வெளியே செல்லச் செல்லக் காற்றின் வலி தெரியும். வாடை படகைக் கரையில் மோதும். சோளகமோ கரையினின்றும் அகற்றிக்கொண்டு போகும். "வாடைக்கு எல்லாரும் பயப்பிடுவினம். சோளகம்தான் ஆளை ஏமாத்தும்."

பாதி வழியில் இயந்திரம் இருமி நின்றது. ஒரு சொல்லும் பேசாமல் அவர் முதலிற் கல்லை இறக்கினார். அதன்பின்னரே மகன் மூடியைத் திறந்தார். எரிபொருளில் நீர் கலந்திருந்தது. பத்து நிமிடத்திற் சரிசெய்தார்கள். அந்தப் பத்து நிமிடமும் படகு தன் அணியத்தைக் கரைப்பக்கம் திருப்பி, கயிறு விறைக்க இழுத்துக்கொண்டு நின்றது. கயிறு இல்லையேல் எங்கே போயிருப்போம் என்பதை அந்த விறைப்பே எனக்குச் சொல்லிற்று. வகுப்பில் அன்று அவர் சொல்லத் தொடங்கி, என்னால் முடிக்காமல் விட்ட பாடத்தின் மிகுதி இதுவென உணர்ந்தேன்.

கரையேறியதும் பேசிய கூலிக்கு மேலாகச் சிறிது கொடுக்க முயன்றேன். பேசியதை எண்ணி எடுத்துக்கொண்டு மிகுதியைத் திருப்பித் தந்தார்; மாறாக, ஓராவிற் பாதியைப் பனையோலைப் பறியில் இட்டு, "கூழ் காய்ச்சிக் குடியும்" என்றார். விடைபெறும் வேளை, சற்றுத் தயங்கி, யூபிலி மலர் வெளிவருவதாகக் கேள்விப்பட்டேன் என்றார். சோதனை எடாமல் நின்றவர்களும் பழைய மாணவர்தானோ என்று கேட்டார்.

எனக்கு விடை தெரிந்த வினா அதுவொன்றே. ஒரு நாளேனும் அந்த வாங்கில் இருந்தவர் பழைய மாணவரே என்றேன்.

சங்கத்தின் அங்கத்துவப் படிவமொன்றை மறுநாள் கொண்டுசென்று கொடுத்தேன். அவர் தம் கையாலேயே நிரப்பினார். எழுத்து இன்றும் அழகாகவே இருக்கின்றது. தொழில் என்னுமிடத்திற் கடற்றொழில் என எழுதியிருக்கிறார். விசேட தகைமைகள் என்னும் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். அவ்விடத்தை நிரப்பும் பொருட்டே இக்கட்டுரையை எழுதினேன். படிவத்தையும் இதனோடு இணைத்து அனுப்புகின்றேன். அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொள்ளுமாறு சங்கத்தாரையும், அடுத்த சோளக காலத்தில் மாணவர் சிலரை அவரிடம் அழைத்துச் சென்று நான்கு காற்றுகளைப் பற்றியும் அவர் வாயாற் கேட்பிக்குமாறு பூமிசாத்திர ஆசிரியர்களையும் பணிவுடன் வேண்டுகின்றேன். இம்முறை அவர் முடிக்கும்வரை எவரும் சிரியாதிருப்பாராக.